அழுகிறவர் விசுவாசம் இல்லாதவரா?



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், களுவாஞ்சிகுடிக்குச் சற்று முன்னே களுதாவளை என்ற ஊர் இருக்கிறது. கிழக்கே கடல்; மேற்கே வாவி; நடுவே மணல் நிலம். எழுவான்கரை என்று நாம் அழைக்கும் நீண்ட கரையில் ஓர் ஊர். பிள்ளையார் கோயிலால் பேர் பெற்றது. வெற்றிலையாலும் மரக்கறித் தோட்டங்களாலும் பேர் பெற்றது. ஒருநாள் அங்கே தோட்டக்காரர் ஒருவருடன் பேசிக்கொண்டு நின்றேன். பச்சைப் பசேலென்று படர்ந்த கொடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வாடித் தலை சாய்ந்திருந்தது. “இதற்கு என்ன வருத்தம்?” என்று கேட்டேன்.

“இன்னும் தெரியல்ல மாஸ்டர். வேரப் பாக்கணும். நிழல் காணுமா எண்டு பாக்கணும். தண்ணி கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா எண்டு பாக்கணும். கொடிய ஏசி என்ன செய்யிற?” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன சொல் எனக்கு வேறொரு வீட்டை நினைவூட்டியது. அதுவும் இதே கரையில் உள்ள வீடுதான். ஊரையும் பேரையும் நான் சொல்லப்போவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து இக்கரையை அறைந்தபோது, அந்த வீட்டுத் தாய் தன் மகளை இழந்தாள். நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட நாள் அது. ஆனால் ஒரு தாய்க்கு எண்ணிக்கை என்பது ஒன்றுதான்.

அந்தத் தாய் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கடல் வந்து போன சில மாதங்களில், பக்கத்தில் கூடிய சிறிய சுவிசேஷ சபையொன்றில் சேர்ந்துகொண்டாள். பாட்டும் செபமும் அவளுக்கு முதலில் பெரும் ஆறுதலாக இருந்தன. ஆனால் காலம் போகப்போக ஒரு சங்கடம் பிறந்தது. ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்: “வருத்தம் மாறிற்று”, “கடன் தீர்ந்தது”, “கண்ணீரைத் துடைத்தார்.” இவளோ எழுந்தால் அழுகிறாள். ஒரு வருடம் பொறுத்தார்கள். இரண்டு வருடம் பொறுத்தார்கள். பிறகு கேட்கத் தொடங்கினார்கள்: “சகோதரி, உங்கட விசுவாசம் எங்க? இன்னும் ஏன் இந்தத் துக்கத்தின் ஆவிக்கு இடம் கொடுக்கிறீங்க?”

நான் கண்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாஸ்டர், என்ட புள்ள போனது ஒரு துக்கம். அதுக்கு அழக்கூடாதெண்டது மற்றத் துக்கம். முதல் துக்கத்தக் கடவுளிட்டச் சொல்லலாம். ரெண்டாவத ஆரிட்டச் சொல்ற?”

வாசகரே, இக்கேள்வியை நாம் ஆராய வேண்டும். அழுகிறவர் விசுவாசம் இல்லாதவரா? துக்கப்படுகிறவரிடம் மகிழ்ச்சியைக் கேட்டு வாங்க ஒரு சபைக்கு உரிமை உண்டா?

நாம் கல்லெறியலாமா?

முதலில் ஒரு காரியத்தைத் தெளிவாக்கிவிடுவோம். பிறசபையாரைக் குறைகூறி மகிழ்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் மட்டக்களப்பு மண்ணில் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் வந்திறங்கி, ஓராண்டும் நிறையுமுன்னே இங்கேயே உயிர் நீத்தார். அன்று முதல் இன்றுவரை சுவிசேஷத்துக்காக இக்கரையில் பாடுபட்ட பிரிந்த சகோதரர் பலர். அவர்களுடைய வைராக்கியத்தை மறுப்பது நன்றிகேடு.

அதுமட்டுமா? அந்தத் தாய் ஏன் நம்மை விட்டுப் போனாள் என்று நான் கேட்டேன். அவள் சொன்ன பதில் என்னைச் சுட்டது. “கோயிலில இருந்து ஆக்கள் சாமான் கொண்டுவந்தாங்க மாஸ்டர். அரிசி தந்தாங்க, பாய் தந்தாங்க, கையெழுத்து வாங்கினாங்க. இவங்கதான் வந்து இருந்தாங்க.” வந்தவர்களுக்கும் வந்து இருந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவள் அறிந்திருந்தாள். நாமோ நிவாரணப் பட்டியலில் அவளுடைய பேரைச் சரியாக எழுதியிருந்தோம்.

ஆகவே, அந்தச் சபையார் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்போடு வந்தார்கள், அன்போடுதான் தவறும் செய்தார்கள். யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தூரத்திலிருந்து வந்தார்கள், ஆடையைக் கிழித்துக்கொண்டார்கள், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அவ்வளவும் நன்று. பிறகு வாய் திறந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கடிந்துகொண்டது முறையிட்டு அழுத யோபுவின் நண்பர்களை. கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்களைத்தான்.

ஆண்டவரும் அழுதார்

விசுவாசம் உள்ளவன் துக்கப்படான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வேதாகமத்திலிருந்து வரவில்லை என்பது நிச்சயம்.

எலியா பெரிய தீர்க்கதரிசி. கார்மேல் மலையில் வெற்றி கண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே விழுந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளை மன்றாடுகிறார். கடவுள் என்ன செய்தார்? கடிந்தாரா? தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டியெழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் உணவு கொடுத்தார். பயணம் அவருக்கு மிகவும் நீண்டது என்பதைத் தூதன் ஒப்புக்கொண்டான். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பின்னரே. களைத்தவனுக்கு முதல் மேய்ப்புப்பணி ஒரு கவளம் சோறாகவும் ஒரு நித்திரையாகவும் இருக்கலாம் என்பதை இங்கே கற்கிறோம்.

இலாசரின் கல்லறைக்கு முன்னே நம் ஆண்டவர் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். உயிர்ப்பின் நம்பிக்கை கண்ணீரைத் தடுக்குமானால், உயிர்ப்பும் உயிருமானவர் அழுதிருக்கவே கூடாது. கெத்சமனித் தோட்டத்தில் அவருடைய ஆத்துமம் சாவுக்கேதுவான துயரம் கொண்டது. அவ்வேளையில் சீடரிடம் அவர் கேட்டது விளக்கமா, உபதேசமா? தம்மோடு விழித்திருக்கும்படி மட்டுமே கேட்டார். அதையும் அவர்கள் கொடுக்கவில்லை.

புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதியதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். நன்றாக வாசியுங்கள். நம்பிக்கையில்லாத மற்றவர்களைப் போல் துயரப்பட வேண்டாம் என்கிறார். துயரப்படவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. நம்பிக்கையோடு அழுவது என்று ஒன்று உண்டு. நமது செத்தவீடுகளில் ஒப்பாரி வைத்த கிழவிகளுக்கு இது தெரியும். இறந்தவரின் அருமை பெருமையைச் சொல்லி, கட்டிப்பிடித்து அழுது, பிறகு அவர்களே எழுந்து, துக்கவீட்டுக்காரரை வற்புறுத்தித் தேத்தண்ணீர் குடிக்க வைப்பார்கள்.

“உன் விசுவாசம் எங்கே?” என்று ஆண்டவரும் கேட்டாரே என்பீர்கள். கேட்டார், புயலில் தத்தளித்த படகிலே கேட்டார். ஆனால் மாற்கும் லூக்காவும் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் எழுந்து காற்றையும் கடலையும் அதட்டினார். அமைதி உண்டாயிற்று. அதன்பின்னரே அக்கேள்வி. காற்றை அதட்ட வல்லமை இல்லாத நாம், கேள்வியை மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாமா?

அப்படியானால் நம்பிக்கை என்னாவது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “அழுங்கள், அழுங்கள் என்று விட்டுவிட்டால் அவர்கள் துக்கத்திலேயே மூழ்கிவிட மாட்டார்களா? தேற்றுவது கடமையல்லவா?” என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் நம்பிக்கை என்பது ஓர் உணர்ச்சி அன்று. மனம் இருண்டிருக்கும்போதும் கடவுளை விட்டு விலகாமல் நிற்பதே நம்பிக்கை. புனித குழந்தை தெரேசம்மாள் தன் வாழ்வின் கடைசி ஒன்றரை ஆண்டை விசுவாச இருளிலே கழித்தாள். கல்கத்தா அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னே எத்தனை ஆண்டு வெறுமை இருந்தது என்று கண்டு உலகம் திகைத்தது. அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்?

1895 முதல் கீழ்மாகாணத்தில் உழைத்த யேசுசபைக் குருக்களின் தந்தையான புனித இஞ்ஞாசியார் இதை அனுபவத்தில் அறிந்தவர். 1522இல் மன்ரேசாவில், பாவ பயத்தால் வதைக்கப்பட்டு, தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானார். அதிலிருந்து மீண்டவர், தமது ஆன்மீகப் பயிற்சி நூலிலே வழிகாட்டிகளுக்கு ஒரு விதி வைத்தார். ஆறுதலற்றுத் தவிக்கும் ஆத்துமத்திடம் வழிகாட்டி கடுமை காட்டலாகாது. சாந்தமும் பட்சமுமாய் நடந்து, வரப்போகும் ஆறுதலுக்குத் திடம் கொடுக்க வேண்டும் என்பதே அந்த விதி. இருளில் நிற்பவனுக்கு வைத அடி இரட்டிப்பாய் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சுவிசேஷ சபையாரின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. அடிமை வியாபாரக் கப்பலின் தலைவனாயிருந்து மனந்திரும்பிக் குருவானவர் ஜோன் நியூட்டன். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் அவர் பணிசெய்த காலத்தில், வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் அவருடைய பங்கில் வாழ்ந்தார். 1773இல் கூப்பரின் மனம் முற்றாக இருண்டது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார். நியூட்டன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, ஓராண்டுக்கு மேலாக அங்கேயே வைத்துப் பராமரித்தார். 1779இல் இருவருடைய பாடல்களும் ஒரே தொகுதியாக வெளிவந்தன. கூப்பர் முற்றாகச் சுகமடையவில்லை. 1800இல் அதே இருளோடுதான் இறந்தார். அப்படியானால் நியூட்டனின் மேய்ப்புப்பணி தோல்வியா? இல்லை. குணமாக்குவது கடவுளின் காரியம். கைவிடாதிருப்பதே மேய்ப்பனின் காரியம். அதை அவர் செய்தார்.

மருந்தும் மன்றாட்டும்

நீண்ட துக்கம் சிலவேளை நோயாக மாறுகிறது. நித்திரை போகிறது, பசி போகிறது, எதிலும் விருப்பம் அற்றுப்போகிறது. இதைப் பேய் என்று சொல்லி, உபவாசம் போட்டு, இரவிரவாகத் தலையில் கை வைத்துச் சத்தமிட்டுச் செபிப்பவர்கள் உண்டு. மருந்தைத் தொடுவதே அவிசுவாசம் என்போரும் உண்டு. நமக்குள்ளும் இது இல்லாமலில்லை. ஒரு திருத்தலத்திலிருந்து இன்னொரு திருத்தலத்துக்கு நோயாளியை இழுத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியாகத்தான் வைத்தியரிடம் போகிறோம்.

சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் வைத்தியரை மதிக்கச் சொல்கிறது. அவரைப் படைத்தவர் ஆண்டவர் என்கிறது. முதலில் மன்றாடி, பிறகு வைத்தியருக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. இந்நூல் பிரிந்த சகோதரரின் வேதாகமத்தில் இல்லை. ஆனால் சின்னப்பர் தம் அன்புக்குரிய வைத்தியர் என்று லூக்காவைக் குறிப்பிடுவது அவர்களுடைய வேதாகமத்திலும் இருக்கிறது. காலில் முள் குத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாம், மனதில் முள் குத்தினால் மட்டும் போவதற்கு வெட்கப்படுவது ஏன்?

இன்னும் கசப்பான ஒன்றையும் பேசவேண்டும். 1995ஆம் ஆண்டளவில் நமது நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. அடுத்த பத்தாண்டில் அது பாதியாகக் குறைந்தது. முக்கிய காரணம், கொடிய நஞ்சுள்ள பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதே என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதன் பொருளைச் சிந்தியுங்கள். அவர்களிற் பலர் கடவுளை மறுத்துத் தீர்மானம் செய்தவர்கள் அல்லர். தாங்கமுடியாத ஒரு நாழிகையில் அகப்பட்டவர்கள். அந்த நாழிகையைக் கடந்திருந்தால் இன்றும் நம்மோடு இருப்பார்கள்.

திருச்சபையும் இதைக் காலப்போக்கில் தெளிவாகக் கண்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, அறிந்து மனதார அப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் மனக் கலக்கமும் வேதனையும் அவர்களுடைய பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் போதிக்கிறது. மதிலுக்கு வெளியே புதைத்த காலத்தை நாம் கடந்துவிட்டோம். ஆனால் உயிரோடிருக்கும்போதே வாடினவரை வாயால் மதிலுக்கு வெளியே தள்ளுகிறோமே, அதை எப்போது கடப்போம்?

மேய்ப்பரின் கண்ணீர்

மந்தையைப் பற்றிப் பேசினோம். மேய்ப்பரை மறந்துவிட்டோம். சிறிய சபையொன்றின் பாஸ்டரை நினைத்துப் பாருங்கள். பிரசங்கம் செய்பவர் அவரே. கணக்குப் பார்ப்பவர் அவரே. நடுச்சாமத்தில் குடும்பச் சண்டைக்குச் சமாதானம் பேசப் போகிறவரும் அவரே. ஞாயிறு காலையில் முகத்தில் மகிழ்ச்சி இருந்தாக வேண்டும். தன் மனம் சோர்ந்தால் யாரிடம் சொல்வார்? சபையாரிடம் சொன்னால் “பாஸ்டருக்கே விசுவாசமில்லை” என்பார்கள். நமது குருக்களுக்கு ஆயரும் உடன்குருக்களும் உண்டு; ஆயினும் மாலைப் பூசை முடிந்து கதவைச் சாத்தியபின் அறைவீட்டின் மௌனத்தை அவர்களும் அறிவார்கள்.

இலண்டனில் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1856 ஒக்டோபரில் பெருங்கூட்டமொன்றுக்குப் பிரசங்கித்தபோது, யாரோ “தீ” என்று பொய்க்கூச்சல் எழுப்ப, நெரிசலில் ஏழு பேர் இறந்தனர். அவருக்கு வயது 22. அந்தக் காயமும் மனச்சோர்வும் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. அவர் அதை மறைக்கவில்லை. தமது மாணவப் போதகர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லிக்கொடுத்தார். மோசேயும் மக்களின் பாரம் தாங்காமல் தன்னைக் கொன்றுவிடும்படி கடவுளிடம் கேட்டார். கடவுள் அவரைக் கோபிக்கவில்லை. பாரத்தைப் பங்கிட எழுபது மூப்பர்களைக் கொடுத்தார். உங்கள் பங்கிலும் சபையிலும் அந்த எழுபதில் ஒருவராக நீங்கள் இருக்கிறீர்களா?

ஒரு பாஸ்கு ஞாயிறு

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, பாஸ்கு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நமது ஆலயங்கள் இரத்தத்தில் நனைந்த அதே காலையில், மட்டக்களப்பில் சுவிசேஷ சபையாரின் சீயோன் ஆலயமும் நனைந்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். அன்று கத்தோலிக்கர், சுவிசேஷ சபையார் என்று இரத்தம் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணீரும் பிரித்துப் பார்க்கவில்லை. மன்னிக்கிறோம் என்று அந்தச் சபையிலிருந்து எழுந்த குரலை உலகம் வியந்து கேட்டது. அது பெரிய சொல். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு தாயும் தகப்பனும் அந்தச் சொல்லை நோக்கித் தத்தம் கால்களாலேயே நடந்து வரவேண்டும். ஒருவர் ஓராண்டில் வருவார். ஒருவர் இருபது ஆண்டில் வருவார். பின்னால் நின்று தள்ள நமக்கு உரிமையில்லை. கூட நடக்க மட்டுமே உரிமையுண்டு.

கூட நடப்பது எப்படி என்று நமது மண்ணே ஒரு முறை காட்டியது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் யேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அவரது நண்பர்களும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வந்தனர். களிமண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், கதை கட்டி நடித்தனர். “நீ கண்டதை மறந்துவிடு” என்று அங்கே யாரும் கட்டளையிடவில்லை. கண்டதைச் சொல்ல ஒரு நிழல் கொடுத்தார்கள், சொல்லும்வரை காத்திருந்தார்கள்.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை உங்கள் பக்கத்து வாங்கில் ஒருவர் அழுதால், காரணம் தேடாதீர்கள். வசனம் சொல்ல அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருங்கள். அடுத்த கிழமையும் போங்கள். எல்லோரும் மறந்துவிட்ட ஆறாம் மாதத்திலும் போங்கள். நித்திரையும் பசியும் போய்விட்டதென்று கண்டால், களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்புக்கோ வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அன்றைக்குத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை நீங்களே அழைத்துக் கொடுங்கள். செபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரோடு இருந்து செபியுங்கள். அவருக்கு எதிராகச் செபிக்காதீர்கள்.

அந்தத் தாயிடம் அன்று நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். என்ன வகுப்புப் படித்தாள், என்ன பாட்டுப் பாடுவாள் என்று கேட்டேன். நெடுநேரம் சொன்னாள், அழுதாள், நடுவே ஒருமுறை சிரித்தாள். எழுந்து வரும்போது, “இண்டைக்குத்தான் மாஸ்டர் என்ட புள்ளட பேர வாய்விட்டுச் சொன்ன நான்” என்றாள்.

களுதாவளைத் தோட்டக்காரர் சொன்னதுதான் எனக்கும் தெரிந்தது. வேரைப் பார்க்க வேண்டும். நிழலைப் பார்க்க வேண்டும். கொடியை ஏசி என்ன செய்வது?